மீசை முளைக்காத எழுத்து

ஆண்டு விழாவுக்கு இருபது ஷீல்டு வேண்டும். பள்ளியோ, குடியிருப்புச் சங்கமோ, அலுவலகமோ, அந்தப் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. ஹைதராபாத்தில் அபிட்ஸ், கோட்டி, செகந்திராபாத் பக்கம் போனால் ஷீல்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடி, அக்ரிலிக், பித்தளை என்று வரிசையாக எடுத்து வைப்பார்கள். உங்களுக்கு மரப் பலகைதான் மனசுக்குப் பிடிக்கிறது. பெயரை லேசரில் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் வெள்ளையோ தங்க நிறமோ நிரப்பித் தரச் சொல்கிறீர்கள்.

நல்ல தேர்வுதான். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் தெரியாமல் போனேன். பலகைகள் விழா நாள் காலையில்தான் கைக்கு வந்தன. வெள்ளை நிறம் எழுத்துக்குள் நிற்காமல் வழிந்து, ஒவ்வொரு எழுத்தின் இரு பக்கமும் பூனை மீசைபோலக் கோடு கோடாக ஓடியிருந்தது. ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் அதைச் சிரித்த முகத்தோடுதான் வாங்கிக்கொண்டார். எனக்கு மனசு ஆறவில்லை. அதன்பிறகு பட்டறையில் உட்கார்ந்து இந்த வேலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

முதலில், நீங்கள் வாங்குவது முழு மரமா? பெரும்பாலும் இல்லை. அது வெனீர் (மரத்தைக் காகிதம்போல மெல்லிசாகச் சீவி எடுத்த ஏடு) ஒட்டிய பலகை. தேக்கு, ரோஸ்வுட், வால்நட் போன்ற மரங்களிலிருந்து சீவிய ஏட்டை எம்.டி.எஃப். (மர நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய பலகை) மீதோ பிளைவுட் மீதோ ஒட்டியிருப்பார்கள். ஏட்டின் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான். ஒரு விசிட்டிங் கார்டைவிடச் சற்றே தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது மட்டமான பொருளா என்று தயங்க வேண்டாம். முழு மரப் பலகை மழைக்காலத்தில் உப்பும், ஹைதராபாத்தின் ஏப்ரல், மே வெயிலில் சுருங்கி வளையும். வெனீர் பலகை அவ்வளவு வளையாது. கண்ணுக்குத் தெரிகிற மேற்பரப்பு அசல் மரம்தான். ஆனால் அந்த அரை மில்லிமீட்டரை மட்டும் நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேர் அதுதான்.

லேசர் எப்படிச் செதுக்குகிறது? உளி மரத்தைத் தொட்டு வெட்டும். லேசர் தொடுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை ஒரு லென்ஸ் ஊசிமுனை அளவுக்குக் குவிக்கிறது. அது படும் இடத்தில் மரம் நொடிப்பொழுதில் கருகி ஆவியாகிவிடும். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் தலை இடமும் வலமுமாக ஓடுமே, அதேபோல இயந்திரத்தின் தலை வரிவரியாக ஓடி, எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் கதிரை அடிக்கும்.

மரத்துக்குப் பெரும்பாலான கடைகளில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு வாயுவில் இயங்கும் லேசர். அதை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் குமார் படேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்துவிட்டுப் போனவர். அந்த லேசரின் கதிரை மரம் நன்றாக உள்வாங்கிக்கொள்ளும். பளபளப்பான உலோகமோ பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மர ஷீல்டு செய்யும் கடைக்காரர் பித்தளைத் தகட்டுக்கு வேறு இயந்திரத்தைத் தேடுவதன் காரணம் இதுதான்.

செதுக்கினாலே எழுத்து தெரியுமே, நிறம் எதற்கு? மரத்தைப் பொறுத்த விஷயம் இது. மேப்பிள் போன்ற வெளிர்ந்த மரத்தில் கருகிய எழுத்து பழுப்பாக எடுப்பாய்த் தெரியும். நிறமே வேண்டாம், செலவும் மிச்சம். ரோஸ்வுட், வால்நட் போன்ற கறுத்த மரத்தில் கறுப்பின்மேல் கறுப்பாக எழுத்து மறைந்துவிடும். மேடைக்கு எதிரில் மூன்றாம் வரிசையில் இருப்பவருக்குக்கூட ஒன்றும் தெரியாது. நிறம் அவசியமாவது அங்கேதான். தேக்கு இரண்டுக்கும் நடுவில்.

இப்போது அந்த மீசைக்கு வருவோம். மரம் என்பது ஒரு காலத்தில் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிய நுண்குழாய்களின் கட்டு. மரம் செத்தாலும் குழாய்கள் அப்படியேதான் இருக்கின்றன. லேசர் அவற்றைக் குறுக்கே அறுத்துப் பள்ளம் போடுகிறது. அந்தப் பள்ளத்தில் தண்ணீராக இருக்கும் பெயின்டை ஊற்றினால், அறுபட்ட குழாய் வாய்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சு தாளில் மை நாலாப்பக்கமும் பரவும். மரத்திலோ ரேகை ஓடும் திசையில் மட்டும் ஓடும். பலகையில் ரேகை இடமிருந்து வலமாக ஓடினால், எழுத்தின் நெட்டுக் கோடுகளிலிருந்து பக்கவாட்டில் மீசை முளைக்கும். மேலும் கீழும் சுத்தமாக இருக்கும்.

ஆகவே குற்றம் லேசருடையது அல்ல, பெயின்டுடையதும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய ஒரு வேலையை விட்டுவிடுகிறார்கள். குழாய்களின் வாயை அடைக்கும் வேலை அது. கடை மொழியில் சீலர் அடிப்பது (மரத்தின் நுண்துளைகளை மூடும் நிறமற்ற பூச்சு). இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் உங்கள் நினைவில் தங்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: செதுக்கிய பிறகு, நிறம் நிரப்புவதற்கு முன், பள்ளத்துக்குள் சீலர் போக வேண்டும்.

பலகை ஏற்கெனவே பாலிஷ் போட்டுத்தானே வருகிறது, போதாதா என்று கேட்பீர்கள். கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். போதாது. பாலிஷ் இருப்பது மேற்பரப்பில். லேசர் அந்தப் பாலிஷையும் சேர்த்து எரித்துக்கொண்டுதான் உள்ளே போகிறது. பள்ளத்தின் சுவரும் அடியும் பச்சை மரமாகத் திறந்து கிடக்கின்றன.

முறையாகச் செய்தால் வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பாலிஷ் நன்றாகக் காய்ந்த பலகையின்மேல் காகித மாஸ்கிங் டேப்பைக் குமிழி இல்லாமல் ஒட்டுவார்கள். லேசர் டேப்பையும் மரத்தையும் சேர்த்தே செதுக்கும். எழுத்தைச் சுற்றிப் படியும் புகைக் கறை டேப்பின்மேல் போய்விடும். பிறகு மெல்லிய பல் துலக்கும் பிரஷால் பள்ளத்திலிருக்கும் கரித்தூளைத் தட்டி, காற்றடித்து வெளியேற்ற வேண்டும். கரியின்மேல் பெயின்ட் ஒட்டாது. கொஞ்ச நாளில் பொருக்காக உரிந்து வந்துவிடும். இந்தக் கட்டத்தில் தண்ணீர் கூடாது. எம்.டி.எஃப். ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும்.

அடுத்து சீலர். டேப் அப்படியே இருக்க, மெல்லிய பூச்சாக ஒரு முறை அடித்து, காய்ந்தபின் இன்னொரு முறை. அதன்பிறகே நிறம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் பலருக்கும் வசதியானது. சீலரைக் கரைக்கும் தின்னர் கலந்த பெயின்ட் என்றால், போட்ட அடைப்பையே அது திறந்துவிடும். அக்ரிலிக்கில் ஒரு குறை உண்டு. தண்ணீர் ஆவியாகப் போனதும் நிறம் பள்ளத்தில் இறங்கிவிடும். அதனால் மெல்லிசாக இரண்டு மூன்று முறை நிரப்ப வேண்டும். ஒரே தடவையில் கெட்டியாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நின்று வெடிக்கும். பள்ளம் நிரம்பி வழவழப்பாக வேண்டுமென்றால் எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பிசின்) நல்லது. அது ஏறக்குறைய சுருங்காது. ஆனால் முழுக்க இறுக ஒரு நாளாவது வேண்டும்.

நிறம் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் டேப்பைத் தாழ்ந்த கோணத்தில் மெதுவாக உரிப்பார்கள். கல்லாக இறுகும்வரை விட்டால் எழுத்தின் ஓரமும் டேப்போடு பிய்ந்து வரும். தமிழ் எழுத்துக்கு இங்கே தனி வேலை இருக்கிறது. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று பள்ளியில் படித்தோமே, அந்தச் சுழிகளுக்குள் எல்லாம் துளித்துளியாக டேப் தங்கிவிடும். ஒவ்வொன்றையும் ஊசியால் நெம்பி எடுக்க வேண்டும். ‘கிருஷ்ணன்’ என்ற ஒரு பெயருக்கு ஆகும் நேரத்தை, ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்ட பெயரோடு ஒப்பிட முடியாது. கடைக்காரர் கூலி கூடுதலாகக் கேட்டால் அது நியாயம்தான். அது இயந்திரத்துக்கான காசு அல்ல. ஊசி பிடிக்கும் கைக்கான காசு.

எத்தனை ஆழம் செதுக்க வேண்டும்? அந்த அரை மில்லிமீட்டர் இங்கே குறுக்கே வரும். வெனீருக்குள்ளேயே நிறுத்தினால் பள்ளம் மெல்லிசு, நிறம் சீராக உட்காரும். கொஞ்சம் தாண்டினால் பசை அடுக்கு வந்துவிடும். அரைகுறையாகப் பசையில் நின்ற பள்ளத்தில் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். ஆழம் வேண்டுமென்றால் பசையை முழுக்கத் தாண்டி அடிப் பலகைவரை சீராகப் போக வேண்டும். எம்.டி.எஃப். பஞ்சு மாதிரி உறிஞ்சும் என்பதால் அங்கே சீலர் இன்னும் தாராளமாக வேண்டும். கடைசியில் மணல் தாளைப் போட்டுத் தேய்த்துச் சமன் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் கவனம். மெஷின் வைத்துத் தேய்த்தால் வெனீரே காணாமல்போய் எம்.டி.எஃப். பல்லிளிக்கும்.

இந்த ஊருக்கு இது புதிய கலையும் அல்ல. பீதர் ஊர் 1956 வரை ஹைதராபாத் மாநிலத்தில் இருந்தது. அங்கே பிறந்த பித்ரி வேலையும் பள்ளம் தோண்டி நிரப்புவதுதான். துத்தநாகத்தில் கொஞ்சம் செம்பு கலந்து வார்த்த பாத்திரத்தை உளியால் செதுக்கி, வெள்ளிக் கம்பியை அடித்து இறக்கி, பீதர் கோட்டை மண் சேர்த்த கரைசலில் கறுப்பாக்குவார்கள். வெள்ளி மட்டும் பளிச்சென்று நிற்கும். சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கோட்டின் ஓரம் எவ்வளவு கூர்மை! உலோகத்துக்கு உறிஞ்சும் குழாய் கிடையாது; அதனால் கசிவும் இல்லை. மரத்துக்கு நாம்தான் அந்தக் குணத்தைச் சீலரால் ஊட்ட வேண்டியிருக்கிறது.

சரி, கடையில் நீங்கள் என்ன பார்க்க வேண்டும்? முதல் சந்தேகம், அது வெனீர்தானா என்பது. மரம்போல அச்சடித்த பி.வி.சி. படலம் (ஒரு வகை பிளாஸ்டிக் தாள்) ஒட்டிய ஷீல்டுகளும் அதே அலமாரியில் இருக்கும். ஐந்து பலகைகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே முடிச்சும் ஒரே ரேகையும் இருந்தால் அது அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அசல் வெனீரில் ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பது அபூர்வம்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. பி.வி.சி.யை லேசரில் சுட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை கிளம்பும். இயந்திரத்தை ஓட்டும் பையனின் நுரையீரலுக்குக் கேடு, இயந்திரமும் துருப்பிடிக்கும். சந்தேகம் இருந்தால் கடைக்காரரே சோதித்துக்கொள்ளலாம். செம்புக் கம்பியைத் தணலாகச் சூடாக்கி, படலத்தில் தொட்டு, மறுபடியும் தீயில் காட்ட வேண்டும். சுடர் பச்சையாக மாறினால் அதில் குளோரின் இருக்கிறது. வெட்டவெளியில் செய்ய வேண்டிய சோதனை இது. சுடர் பச்சையானால் அந்தப் பலகை லேசர்பக்கமே போகக் கூடாது.

இரண்டாவது, எழுத்து. ஹைதராபாத்தில் இயந்திரத்தில் உட்காரும் தம்பிக்குத் தெலுங்கு, இந்தி, உருது, ஆங்கிலம் படிக்க வரலாம். தமிழ் படிக்கத் தெரிந்தவர் அரிது. நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் அவருடைய கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்; அதையாவது அவர் கண்டுபிடித்துக் கேட்டுவிடுவார். யூனிகோடில் அனுப்பினாலும் ஆபத்து உண்டு. சில பழைய வரைகலை மென்பொருள்கள் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போட்டுவிடும். ‘கொ’ உடைந்து நிற்பது அவர் கண்ணுக்குப் பிழையாகவே தெரியாது. அப்படியே செதுக்கிவிடுவார். பெயின்டை வழிக்கலாம், பள்ளத்தை வழிக்க முடியாது.

அதனால் பெயர்களை நீங்களே அடித்து, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி (எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாத வடிவம், கடை மொழியில் ‘கர்வ்ஸ்’) பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள். அது தெரியாவிட்டால் தெரிந்த பிள்ளைகள் யாரிடமாவது கேட்டுச் செய்யுங்கள். செதுக்குவதற்கு முன் கணினித் திரையில் இருப்பதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த இரண்டு பேர் அதைச் சத்தமாக வாசித்துப் பார்க்கட்டும். இன்ஷியலையும் பட்டத்தையும் விருது பெறுபவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? நிறம் நிரப்பும் எழுத்தில் மிக மெல்லிய கோடுகூட அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. தலை தடித்து வால் மெலிந்த அலங்கார எழுத்துருக்கள் திரையில் அழகு. மரத்தில் வால் காணாமல் போகும். ஒரே தடிமனில் ஓடும் எளிய எழுத்துருவைக் கேளுங்கள். நீண்ட பாராட்டு வாசகத்தைச் சின்ன எழுத்தில் நெருக்கினால் சுழிகள் அடைத்துப் புள்ளிகளாகிவிடும். பெயர், விருது, ஆண்டு, அமைப்பின் பெயர் போதும். வாசகத்தை மேடையில் வாசியுங்கள்.

பெயர்ப் பட்டியல் கடைசி நிமிடத்தில்தான் முடிவாகும் என்றால்? பலகையில் பொது வாசகத்தை மட்டும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தனியாக ஒரு சின்ன வெனீர் பட்டையில் செதுக்கி ஒட்டச் சொல்லுங்கள். பிழை வந்தால் பட்டை மட்டும்தான் வீண், பலகை தப்பித்துவிடும். இருபது பலகைக்கு ஒன்றாவது மாறுவது வழக்கம் என்பதால் இந்த ஏற்பாட்டை நான் எப்போதும் சிபாரிசு செய்வேன்.

யு.வி. அச்சில் (மையை மேலே அடித்துப் புறஊதா ஒளியில் உடனே உலர்த்துவது) அடித்துவிட்டால் இத்தனை தொல்லை இல்லையே என்று கடைக்காரர் சொல்லக்கூடும். உண்மைதான். பல வண்ணச் சின்னம், புகைப்படம் எல்லாம் அதில் வரும், வேகமும் அதிகம். ஆனால் மை மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கிறது. சாவி உரசினால் கீறும். பள்ளத்தில் இறங்கிய நிறம் அப்படிப் போகாது. பல வண்ணச் சின்னத்தை யு.வி.யில் போட்டு, பெயரை மட்டும் செதுக்கி நிரப்புவது எனக்குச் சரியாகப் படும் வழி.

எத்தனை நாள் முன்னால் கொடுக்க வேண்டும்? இயந்திரம் ஒரு பலகையைச் செதுக்குவது நிமிடக் கணக்கு. நேரம் பிடிப்பதெல்லாம் காய்வதற்குத்தான்: சீலர் காய, நிறம் காய, மறுபூச்சு காய, கடைசியாக மேல் வார்னிஷ் காய. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை நாட்களில் இன்னும் தாமதமாகும். ஒரு வாரம் கொடுங்கள். ‘நாளைக்கே வேண்டும்’ என்று நீங்கள் நெருக்கினால் அவர் எதை விடுவார்? கண்ணுக்குத் தெரியாத சீலரைத்தான். என் பலகைகளுக்கும் அதுதான் நடந்தது. அவசரம் என்னுடையதாகவும் இருந்தது.

வாங்கும்போது பலகையை ஜன்னல் பக்கம் சாய்த்து, பக்கவாட்டு ஒளியில் பாருங்கள். எழுத்தின் ஓரம் கத்தி வெட்டியதுபோல இருக்க வேண்டும். நகத்தால் மெல்லத் தடவினால் நிறம் உதிரக் கூடாது, பிசுபிசுக்கக் கூடாது. விருது பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்: ஈரத் துணி வேண்டாம், உலர்ந்த மெல்லிய துணி போதும், நேர் வெயில் படும் சுவரிலும் குளியலறையை ஒட்டிய சுவரிலும் மாட்ட வேண்டாம்.

நீங்களே செய்து பார்க்க ஆசையா? ராய்துர்க்கத்தில் தெலங்கானா அரசு 2023 மார்ச்சில் திறந்த டி-ஒர்க்ஸ் (கருவிகளைப் பயன்படுத்தி மாதிரிப் பொருள்கள் செய்து பார்க்கும் பட்டறை) இருக்கிறது. அங்கே லேசர் இயந்திரங்களும் மர வேலைப் பிரிவும் உண்டு. போகுமுன் நேரம், கட்டணம் விசாரித்துக்கொள்ளுங்கள். சிறிய லேசரை வீட்டிலேயே வாங்கி வைப்பவர்கள், அந்த லேசருக்கென்று சொல்லப்பட்ட கண்ணாடியை அணியாமல் அதை ஓட்டாதீர்கள். புகை வெளியே போக வழி செய்யுங்கள். இயந்திரம் ஓடும்போது அடுத்த அறைக்குக்கூடப் போகாதீர்கள். மரம் எந்த நொடியிலும் தீப்பிடிக்கும்.

கடையில் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். அதே வெனீரின் ஒரு துண்டில், அதே சீலரும் அதே நிறமும் போட்டு, ஒரு மாதிரி செய்து தரச் சொல்லுங்கள். உங்கள் பட்டியலிலேயே மிக நீளமான, சுழி அதிகமுள்ள பெயரை அதற்குக் கொடுங்கள்.